எப்போதாவது டிரெய்லர் இழுக்கப் பழைய பிக்கப் போதுமா? 2016 எஃப்-150 குறித்து ஆலோசனை தேவை

பிரிஸ்கோவாசி:

அனைவருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் இருக்கிறோம். நான், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கி, ஆண்டுக்கு நான்கைந்து முறை மாநிலப் பூங்காக்களில் தங்கிவர வேண்டும் என்பது வீட்டில் நெடுநாள் பேச்சு. முடிந்தால் ஒரு கோடையில் கொலராடோ வரை போக ஆசை. மற்ற நாட்களில் அதே வண்டியில்தான் அலுவலகம் போய்வருவேன்.

பார்த்து வைத்திருப்பது 2016 ஃபோர்டு எஃப்-150. சூப்பர்குரூ (நான்கு கதவு), லாரியட் வகை, நான்கு சக்கர இயக்கம், 2.7 லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ எஞ்சின், 94,000 மைல் ஓடியது. விற்பவர் தனிநபர். 7,600 பவுண்ட் வரை இழுக்கும் என்கிறார். நாங்கள் விரும்பும் டிரெய்லர் 26 அடி நீளம். விவரப் புத்தகத்தில் வெற்று எடை 5,250 பவுண்ட், அதிகபட்ச எடை 6,800 பவுண்ட் என்று போட்டிருக்கிறது. 7,600-க்கு 5,250 தாராளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த வண்டி இதற்குப் பொருந்துமா, வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மணி_அர்லிங்டன்:

வணக்கம் நண்பரே. நீங்கள் ஒப்பிடும் இரண்டு எண்களுமே இந்த முடிவுக்கு உதவாதவை.

5,250 என்பது தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது டிரெய்லருக்கு உள்ள எடை. பெரும்பாலும் அதில் பேட்டரியோ நிரப்பிய புரொப்பேன் சிலிண்டர்களோ சேர்ந்திருக்காது. 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதுவே 330 பவுண்டுக்கு மேல். அதன்மேல் படுக்கை, பாத்திரம், நாற்காலிகள், கழிவுநீர்க் குழாய், மளிகை, இட்லிக் குண்டான் என்று ஏறிக்கொண்டே போகும். புறப்படும் நிலையில் அந்த டிரெய்லர் 6,300 பவுண்டாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.

7,600 என்ற எண் பொய்யல்ல, ஆனால் அது உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு எடுத்த எண்ணும் அல்ல. இழுவைத் திறனை அளப்பதற்கான எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொது விதிமுறையை டொயோட்டா 2011 மாடலிலேயே ஏற்றுக்கொண்டது. டெட்ராய்ட் நிறுவனங்கள் மூன்றும் (ஃபோர்டு, ஜி.எம்., ராம்) 2015 மாடல் வாக்கில், எஃப்-150 போன்ற தங்கள் அரை டன் வகைப் பிக்கப்புகளுக்கு அதைப் பின்பற்றத் தொடங்கின. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கருகே தொடங்கும் 68-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையின் நீண்ட ஏற்றத்தில், கோடை வெப்பத்தில், ஏசி முழுதாக ஓட, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும் என்பது அதன் முக்கியமான சோதனை. கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் தலா 150 பவுண்ட் எடையுள்ள இருவர் மட்டுமே. பின்னிருக்கைப் பிள்ளைகளுக்கும் பின்தொட்டியில் வைக்கும் மிதிவண்டிகளுக்கும் அதில் இடம் இல்லை.

உங்களுக்கு வேண்டிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் இருக்கிறது. மஞ்சள் பட்டை போட்ட வெள்ளை ஸ்டிக்கரில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். அதுதான் பேலோடு. ஒரே ஆண்டில், ஒரே எஞ்சினோடு வந்த இரண்டு வண்டிகளுக்கிடையே கூட அது சில நூறு பவுண்டுகள் மாறும் என்பதால், விவரப் புத்தகத்தைப் பார்ப்பதில் பயனில்லை. விற்பவரிடம் அந்த ஸ்டிக்கரையும், வண்டியின் பின்னடியில் ஹிட்ச் ரிசீவர்மேல் (டிரெய்லர் இணைப்பைச் செருகும் சதுரக் குழாய்) ஒட்டியிருக்கும் லேபிளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

பிரிஸ்கோவாசி:

மிக்க நன்றி ஐயா. படங்கள் வந்துவிட்டன. கதவு ஸ்டிக்கரில் 1,463 பவுண்ட் என்று இருக்கிறது. ஹிட்ச் லேபிளில் இரண்டு வரிசை எண்கள் உள்ளன: சாதாரணமாக இணைத்தால் 5,000 பவுண்ட் டிரெய்லர், 500 பவுண்ட் டங் வெயிட், எடைப்பகிர்வு ஹிட்ச் வைத்தால் அதைவிட இரு மடங்குக்கும் மேல். இதை எப்படிப் படிப்பது?

மணி_அர்லிங்டன்:

டங் வெயிட் என்பது டிரெய்லரின் மூக்கு உங்கள் ஹிட்ச் பந்தின்மேல் அழுத்தும் எடை. டிராவல் டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அந்த எடை முழுவதும் உங்கள் பேலோடிலிருந்துதான் கழியும். பலர் தவறவிடும் இடம் இதுவே.

இப்போது கூட்டிப் பாருங்கள். நீங்கள் நால்வரும் 470 பவுண்ட் என்கிறேன். பின்தொட்டியில் விறகு, ஐஸ் பெட்டி, சிறிய ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து 150. எடைப்பகிர்வு ஹிட்ச், அதாவது மூக்கு எடையைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்கும் பகிர்ந்துவிடும் இணைப்பு, அதன் இரும்பு மட்டும் 90. 6,300 பவுண்ட் டிரெய்லரின் டங் வெயிட் 13 சதவீதம் என்றால் 819. மொத்தம் 1,529 பவுண்ட். உங்கள் வண்டி தாங்குவது 1,463. இழுவைத் திறனில் இன்னும் 1,300 பவுண்ட் மிச்சம் இருக்கும்போதே பேலோடு தீர்ந்துவிட்டது. அரை டன் பிக்கப்பும் குடும்ப டிரெய்லரும் சேரும் இடங்களில் கிட்டத்தட்ட எப்போதும் முதலில் தீர்வது பேலோடுதான், எஞ்சின் அல்ல.

இன்னொன்று. தொழிற்சாலைக்குப் பின் மாட்டிய பின்தொட்டி மூடி, பக்கப் படிகள், கனமான ரப்பர் விரிப்பு ஆகியவற்றின் எடையும் அந்த 1,463-இலிருந்து கழியும். படத்தில் தொட்டிக்கு மூடி இருப்பதாகத் தெரிகிறது.

கொங்குத்தமிழன்75:

மணி அண்ணனின் கணக்கில் குறை சொல்வதற்கில்லை, ஆனால் கேட்பவரைத் தேவைக்கு மேல் பயமுறுத்துவதாக எனக்குப் படுகிறது. ஏறத்தாழ இதே வண்டியில் 7,000 பவுண்ட் டிரெய்லரைப் பல ஆண்டுகளாக இழுத்துவருகிறேன். எடைப்பகிர்வு ஹிட்ச் சரியாகப் பூட்டியிருந்தால் டங் வெயிட்டில் ஒரு பங்கு டிரெய்லரின் அச்சுகளுக்கே திரும்பிப் போய்விடும். முழு 819-ஐயும் பிக்கப் கணக்கில் எழுதுவது சரியல்ல. சொந்த உபயோகத்துக்கு ஓட்டுபவனை டெக்சாசில் யாரும் எடை மேடையில் ஏற்றச் சொல்வதும் இல்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறைக்காக, வரம்பைத் தாண்டும் 66 பவுண்டைப் பார்த்து நல்ல வண்டியை விட வேண்டுமா?

மணி_அர்லிங்டன்:

எடைப்பகிர்வு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. சரியாக இழுத்துப் பூட்டினால் ஒரு பகுதி பின்னால் போகும், 66 பவுண்ட் அதில் அடங்கியும் விடும். அந்த எண்ணுக்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் போட்டது இளகிய கணக்கு என்பதால்தான் தயங்குகிறேன். டங் வெயிட் 15 சதவீதமாக இருந்தால் அதுவே 945 ஆகும், மொத்தம் 1,655-ஐத் தொடும். முன்பக்கம் பெரிய சாமான் அறை உள்ள டிரெய்லர்களில் இது சாதாரணம். பிள்ளைகளும் வளர்வார்கள்.

பேலோடு போதாத வண்டிக்காரர் அடுத்துச் செய்யும் காரியம் இதைவிட மோசமானது. மூக்கு எடையைக் குறைக்கிறேன் என்று கனமான பொருட்களை டிரெய்லரின் பின்கோடிக்குத் தள்ளுவார். டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் பெரிதானால் ஸ்டியரிங்கை வைத்து அதை அடக்க முடியாது. அவர் கொலராடோ போவதென்றால் 287-ஆம் எண் நெடுஞ்சாலையில் அமரில்லோ வழியாகத்தான் போவார். அங்கே அடிக்கும் குறுக்குக் காற்றில் 26 அடிச் சுவரை இழுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நீங்கள் கைதேர்ந்தவர், ஆட்டம் வருமுன்பே வண்டியின் அசைவில் கண்டுபிடித்துவிடுவீர்கள். முதல் டிரெய்லர் வாங்குபவருக்கு அந்த மிச்ச இடம் தேவை.

கலைவாணி_கேட்டி:

எடைக் கணக்கை இருவரும் பார்த்துவிட்டீர்கள். இது பழைய வண்டி என்பதால் அதன் முன்வாழ்க்கையைப் பற்றி நான் சொல்கிறேன். என் கணவரும் நானும் பழைய பிக்கப்புகளைத்தான் வாங்கி ஓட்டுகிறோம்.

முதலில், "ஹிட்ச் இருக்கிறது" என்பதும் "டோ பேக்கேஜ் இருக்கிறது" என்பதும் வேறு வேறு. அந்தத் தலைமுறை எஃப்-150-இல் 53பி என்ற குறியீட்டில் ஹிட்ச் மட்டும் வரும், 53ஏ-வில் கூடுதல் குளிர்விப்பும் தடித்த ஸ்டெபிலைசர் பாரும் சேரும், 53சி என்பது உச்ச இழுவைக்கானது. வி.ஐ.என். என்ற வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால் ஃபோர்டு டீலரின் உதிரிபாகப் பிரிவில் அந்த வண்டி எந்தக் குறியீட்டோடு பிறந்தது என்று சொல்லிவிடுவார்கள். பின் அச்சு விகிதத்துக்கான குறியீடும் கதவு ஸ்டிக்கர்களிலேயே இருக்கிறது. 3.15, 3.31, 3.55, 3.73 என்று பல விகிதங்கள் உண்டு. ஒரே எஞ்சினுக்கு இழுவைத் திறன் அதனால் வெகுவாக மாறும். விற்பவர் சொல்லும் 7,600 இந்த வண்டியின் விகிதத்துக்கு உரியதா, அண்டை வீட்டார் வண்டியின் விகிதத்துக்கு உரியதா என்று அப்போதுதான் தெரியும்.

பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் குனியுங்கள். ஏழு முள் மின்னிணைப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். தகடுகள் பச்சை பூத்திருந்தால் நெடுங்காலம் யாரும் எதையும் இழுக்கவில்லை அல்லது படகுத் துறைத் தண்ணீரில் நனைந்திருக்கிறது என்று பொருள். தேய்ந்து பளபளத்தால் ஓயாத உழைப்பு. ரிசீவரில் ஊசி போகும் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் கனமான டிரெய்லர் அடிக்கடி இழுக்கப்பட்டிருக்கிறது. டாஷ்போர்டில் டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் தொழிற்சாலை பிரேக் கன்ட்ரோலர் இல்லை, ஆனால் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே இரண்டு திருகாணித் துளைகள் இருக்கின்றன என்றால், வெளியில் வாங்கிய கன்ட்ரோலர் ஒன்று அங்கே மாட்டியிருந்திருக்கிறது. "நான் எதையும் இழுத்ததே இல்லை" என்று விற்பவர் சொன்னால் அந்தத் துளைகளைக் காட்டிக் கேளுங்கள்.

இழுத்த வண்டி என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம். டிரான்ஸ்மிஷன் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை உரிய காலத்தில் மாற்றியதற்குப் பில் வைத்திருக்கும், அளவாக இழுத்த வண்டி, 94,000 மைல் வரை ஆறு வேக டிரான்ஸ்மிஷனின் ஆயிலைத் தொட்டே பார்க்காத வண்டியைவிட மேல். அந்த 2.7 எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் விளிம்பில் கசிவு வருவது பலருக்கும் தெரிந்த குறை, அடியில் பார்க்கும்போது அதையும் பாருங்கள். நிலுவையில் ரீகால் (நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் குறை) இருக்கிறதா என்பதை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் வி.ஐ.என். எண்ணைப் போட்டு இலவசமாக அறியலாம்.

சோதனை ஓட்டத்தைக் குளிர்ந்த எஞ்சினோடு தொடங்குங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2025 ஜனவரி முதல் டெக்சாசில் தனியார் வண்டிகளுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை நீக்கப்பட்டுவிட்டது. நீங்கள் இருக்கும் காலின் கவுன்டியில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது. ஆகவே பிரேக்கும் அடிப்பகுதியும் எப்படி இருக்கின்றன என்று வேறு யாரும் பார்த்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம். உங்கள் பணத்தில், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கின் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

சான்அன்டோனியோ_ரவி:

அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான்கைந்து முறைக்காக ஆண்டு முழுவதும் பிக்கப் ஓட்ட வேண்டுமா? ஆறு சிலிண்டர் ஹோண்டா பைலட் நான்கு சக்கர இயக்கத்தோடு இருந்தால் 5,000 பவுண்ட் இழுக்கும். டொயோட்டா ஹைலாண்டர் வி6-உம் அப்படியே. சிறிய டிரெய்லருக்கு அவை போதும். பூங்காவுக்கே கொண்டுவந்து நிறுத்திக் கொடுக்கும் வாடகை டிரெய்லர்களும் இருக்கின்றன. சொந்த டிரெய்லரை வீட்டுச் சங்கங்கள் வாசலில் நிறுத்த விடுவதில்லை, மாதா மாதம் நிறுத்துமிட வாடகை வேறு. காப்பீடு, டயர், பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, அதை முகாமிடும் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். ஓட்டல் அறை மலிவாகத் தெரியும்.

பிரிஸ்கோவாசி:

ரவி அவர்கள் சொல்வதை மனைவியும் நானும் பேசினோம். வாடகை டிரெய்லரில் ஒரு முறை தங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம், நல்ல யோசனை. ஆயினும் பிக்கப் எனக்கு வேறு காரணத்துக்காகவும் வேண்டும்: வீட்டுத் தோட்ட வேலைக்கு மண், கல், மரம் ஏற்றுவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே டிரெய்லர் இல்லாவிட்டாலும் பிக்கப் வாங்குவேன்.

கேள்வி இப்போது இப்படி நிற்கிறது. அதே விலைக்குச் சற்றுப் பழைய முக்கால் டன் டீசல் வண்டிகள், எஃப்-250, ராம் 2500 போன்றவை கிடைக்கின்றன. அவற்றுக்குப் போவதா, அல்லது இதே அரை டன்னில் இருந்துகொண்டு டிரெய்லரைச் சிறிதாக்குவதா?

மணி_அர்லிங்டன்:

முக்கால் டன் டீசலின் கதவு ஸ்டிக்கரைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கலாம். டீசல் எஞ்சினே கனம். பல மாடல்களில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்பதால், ராம் 2500 கம்மின்ஸ் போன்ற வண்டிகளில் பேலோடு 2,000 பவுண்டை ஒட்டித்தான் வரும். இழுக்கும் வலு மலையளவு இருந்தும் ஏற்றும் அளவு நீங்கள் நினைப்பதுபோல் இருமடங்கு ஆகாது. மேலும் பிரிஸ்கோவிலிருந்து அலுவலகத்துக்குக் குறுந்தூரம் போய்வரும் வண்டியில் டீசல் புகைவடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நேரம் போதாது. பழுதானால் செலவு மிக அதிகம். தினமும் வேலை கொடுப்பவருக்கே டீசல் பொருந்தும். முக்கால் டன் தேவைப்பட்டால் பெட்ரோல் எஞ்சினில் தேடுங்கள்.

உங்கள் நிலையில் நான் லாரியட்டை விட்டு எக்ஸ்.எல்.டி. வகைக்கு இறங்குவேன். வானக் கூரை, மின் இருக்கைகள், பெரிய சக்கரங்கள் எல்லாம் எடை; அவை ஒவ்வொன்றும் மஞ்சள் ஸ்டிக்கரில் கழிந்தே அச்சாகின்றன. நான்கு சக்கர இயக்கத்தையும் விட்டால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். ஆடம்பரம் குறைந்த அதே வண்டி 300, 400 பவுண்ட் கூடுதலாகச் சுமப்பதும் விலை குறைவாக இருப்பதும் பழைய பிக்கப் சந்தையில் அபூர்வமாகக் கிடைக்கும் இரட்டை லாபம். கூடவே டிரெய்லரை 6,000 பவுண்டுக்குக் குறைந்த உச்ச எடைக்குக் கொண்டுவாருங்கள்.

கொங்குத்தமிழன்75:

சிறிய டிரெய்லர் என்றால் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கொலராடோ என்று சொன்னதால் எஞ்சின் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நியூ மெக்சிகோவிலிருந்து 25-ஆம் எண் நெடுஞ்சாலையில் நுழையும்போது ரேட்டன் கணவாய் 7,834 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கும். இதே எஃப்-150-இல் வரும் 385 குதிரைத்திறன் உள்ள 5.0 லிட்டர் வி8 அங்கே 300-க்குக் கீழே வந்துவிடும். 2.7, 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இரண்டும் டர்போ என்பதால் அந்த இழப்பு அவற்றில் மிகக் குறைவு. இறக்கத்தில் கதை மாறும். சிறிய எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலு குறைவு. இழுவைக்கு ஏற்றபடி கியரை மாற்றவைக்கும் டோ ஹால் பொத்தானை அழுத்திவிட்டு, ஏறியபோது இருந்த கியரிலேயே, ஏறியதைவிட மெதுவாக இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குபவரின் வண்டியைப் பாதி மலையிலேயே மூக்கால் கண்டுபிடித்துவிடலாம்.

பெட்ரோல் செலவில் எந்த எஞ்சினிடமும் கருணையை எதிர்பார்க்க வேண்டாம். உயரமான டிரெய்லரை இழுக்கும்போது கேலனுக்கு ஒன்பது, பத்து மைல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு ஓட்டுங்கள். அங்கே எரிபொருளைத் தின்பது எடையைவிடக் காற்றுதான்.

பிரிஸ்கோவாசி:

லாரியட்டை விட்டுவிட்டேன். மெக்கின்னியில் 2017 எக்ஸ்.எல்.டி. சூப்பர்குரூ ஒன்று பார்த்தேன். 5.0 லிட்டர் வி8, பின்சக்கர இயக்கம், 53ஏ குறியீடு, தொழிற்சாலை பிரேக் கன்ட்ரோலர், 81,000 மைல். மஞ்சள் ஸ்டிக்கரில் 1,842 பவுண்ட். டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்றியதற்குப் பில் இருக்கிறது. கலைவாணி அக்கா சொன்னபடி மூடியைத் திறந்து பார்த்தேன். தகடுகள் லேசாகத் தேய்ந்திருந்தன, பச்சை இல்லை. ரிசீவர் துளை வட்டமாகவே இருக்கிறது. மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்த்து, பின் பிரேக் பேடுகளும் நான்கு டயர்களும் மாற்ற வேண்டும் என்றார். அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்ள விற்பவர் ஒப்புக்கொண்டார்.

டிரெய்லர் 23 அடி, உச்ச எடை 5,900. புறப்படும்போது 5,500 என்று வைத்தால் 13 சதவீதம் 715. எங்கள் 470, சாமான் 150, ஹிட்ச் 90 சேர்த்து 1,425. இன்னும் 417 பவுண்ட் மிஞ்சுகிறது. 15 சதவீதம் என்றாலும் 307 மிஞ்சும். கணக்கு சரியா? பின்சக்கர இயக்கம் மட்டும் போதுமா?

கலைவாணி_கேட்டி:

கணக்கு சரி தம்பி. டெக்சாஸ் பூங்காக்களில் பெரும்பாலும் தார் அல்லது சரளைத் தளம்தான், பின்சக்கர இயக்கம் போதும். வழுக்கும் படகுத் துறையில் இறக்கிப் படகு ஏற்றுவதாக இருந்தால் மட்டும் நான்கு சக்கரத்துக்குக் காத்திருக்கச் சொல்வேன். புது டயர் வாங்கும்போது கதவு ஸ்டிக்கரில் உள்ள எடைக் குறியீட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள். 4,500 பவுண்டைத் தாண்டும் டிரெய்லருக்கு டெக்சாசில் பிரேக் கட்டாயம். இணைப்பு அறுந்தால் தானே பிரேக் போடும் பாதுகாப்புக் கம்பி வேலை செய்கிறதா என்று டிரெய்லரை எடுக்கும் நாளிலேயே இழுத்துப் பாருங்கள். அந்த டிரெய்லரும் பழையதென்றால் அதன் டயரில் டி.ஓ.டி. எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டிரெட் புதிதுபோல் தெரிந்தாலும் டிரெய்லர் டயர்கள் வயதால் வெடிக்கும்.

மணி_அர்லிங்டன்:

வாங்குங்கள். முதல் பயணத்தன்று சாமான், பிள்ளைகள், முழு டேங்க் எல்லாவற்றோடும் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் உள்ள கேட் ஸ்கேல் எடை மேடைக்குப் போங்கள். அதில் மேடை மூன்று பகுதிகளாக இருக்கும்: முன்சக்கரம் முதலாவதில், பின்சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு எடைப்பகிர்வுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை. அதன்பின் டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஏற்றி மூன்றாவது முறை. தனிப் பிக்கப் சீட்டில் இருந்த முன் அச்சு எடை, டிரெய்லர் மாட்டியதும் எவ்வளவு குறைந்தது, கம்பிகளைப் பூட்டியதும் எவ்வளவு திரும்பி வந்தது என்று பாருங்கள். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது ஃபோர்டு கையேட்டில் இருக்கிறது. அந்த அளவுக்கு வரவில்லையென்றால் ஹிட்ச் தலையின் சாய்வை ஒரு படி மாற்றுங்கள். மூன்று சீட்டுகளையும் இங்கே பதிவிட்டால் சேர்ந்து பார்க்கலாம்.